வழிப்பயணமும் வயிற்றுப் பிணியும்

திருப்பூரிலிருந்து வடக்கே கோபிசெட்டிபாளையம் செல்லும் சாலையும், சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் பெருமாநல்லூரில், சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கைக்கு வந்த பின்னர், தோளில் ஒரு பையும் கையில் ஒரு தண்ணீர்ப் புட்டியுமாகப் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஜனத்திரளில், உட்கார இடம் கிடைக்குமா என்று கவலைப்படுகிறவர்களே பெரும்பாலோர். ஆயினும், வரப்போகும் பேருந்து எங்கெங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும், நிற்குமிடத்தில் கழிவறை உண்டா, உண்டென்றால் அதில் தண்ணீர் வருமா என்பதையே மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் சிலரும் அக்கூட்டத்தில் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ள முடியாது. காலில் கட்டுப் போட்டவனுக்கு எழுந்து இடம் கொடுக்கும் உலகம், குடலில் புண் உள்ளவனுக்காக எழுந்திருப்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்தால்தானே எழுந்திருக்கும்?

பனியன் தொழிலின் நியமங்களும் இத்தகையவர்களின் வயிற்றுக்கு அனுகூலமானவை அல்ல. காலை எட்டரை மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால், ஏற்றுமதி சரக்கு அனுப்பவேண்டிய நாள் நெருங்கிவிட்டபோது, ‘ஒன்றரை ஷிப்ட்’ முடித்து இரவு எட்டரைக்கு எழுந்திருப்பது அங்கே சர்வசாதாரணம். இடையில் தேநீரும் பன்னும் ஒரு வேளை ஆகாரத்தின் ஸ்தானத்தைப் பிடித்துக்கொள்ள, இரவில் பரோட்டாவும் சால்னாவும் மற்றொரு வேளையின் ஸ்தானத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இப்படி ஆறு நாள் கழித்த வயிற்றோடுதான் தேனிக்கும் மதுரைக்கும் நெல்லைக்கும் பேருந்து ஏறுகிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்குமோ, நின்றுகொண்டேகூடப் போகிறார்கள்.

நாட்பட்ட வயிற்று நோய்கள் எல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் உண்டாகும் புண் ஒரு வகை. பட்டினிதான் இதற்கு மூலகாரணம் என்பது நம் ஊரில் வேரூன்றிய எண்ணம். ஆனால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும், வலிக்காக நாம் அடிக்கடி விழுங்கும் சில மாத்திரைகளுமே அதன் பிரதான காரணங்கள். அக்கிருமியைப் பற்றி யாரும் நம்ப மறுத்த காலத்தில், 1984ஆம் ஆண்டில், ஆஸ்திரேலிய வைத்தியரான பாரி மார்ஷல் அதைத் தாமே குடித்து நோய் வரவழைத்துக் காட்டினார். 2005இல் ராபின் வாரனோடு நோபல் பரிசையும் பெற்றார். நாளெல்லாம் குனிந்து தைத்ததால் முதுகு வலிக்கிறதென்று, பேருந்து ஏறுமுன் மருந்துக்கடையில் பெயர் கேளாமல் ஒரு வலி மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு தூங்கலாமென்று எண்ணுகிற அல்சர் நோயாளி, தம் புண்ணுக்குத் தாமே எண்ணெய் வார்க்கிறார்.

இரண்டாம் வகை, பரிசோதனைக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தாலும் புண்ணோ கட்டியோ ஒன்றும் தென்படாமல், குடலின் இயக்கமும் அதன் நரம்புகளின் உணர்ச்சியும் தாறுமாறாவதால் ஒருநாள் பேதியும் மறுநாள் மலச்சிக்கலுமாக அலைக்கழிக்கும் குடல் எரிச்சல் நோய். ‘ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை’ என்று வீட்டாரால் பரிகசிக்கப்படும் நோய் இதுவே. ஆனால் அவதி மெய்யானது. மூன்றாவது, குடற்சுவரே அழற்சியுற்று இரத்தமும் சீதமுமாகப் போகச் செய்யும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸும், 1932இல் நியூயார்க் வைத்தியர் பர்ரில் குரோனும் அவர் சகாக்களும் விவரித்ததால் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் குரோன் நோயும். உலகத் தலைவர்களையும் இவை விட்டுவைக்கவில்லை. ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே, பெருங்குடல் அழற்சியின் காரணமாக 2007இலும் 2020இலுமாக இருமுறை பதவியினின்று விலக நேர்ந்தது.

இவ்வகைகளில் எதுவாயினும், பிரயாணம் என்று வந்துவிட்டால் நோயைக் காட்டிலும் அதிகமாக வதைப்பது, ‘வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது’ என்ற அச்சமும், அதை வாய்விட்டுச் சொல்ல ஒட்டாத லஜ்ஜையுமே. இந்த லஜ்ஜைக்கு ஆளாகாதவர் இல்லை. 1918ஆம் ஆண்டு கேடா ஜில்லாவில் படைக்கு ஆள் திரட்டும் வேலையில் ஈடுபட்டிருந்த காந்தியடிகளுக்குச் சீதபேதி கண்டது. ஒரு வேளை பட்டினி கிடந்து சற்றே சமாளித்திருந்தவர், பண்டிகை நாளென்று கஸ்தூரிபா செய்து வைத்திருந்த இனிப்புக் கஞ்சிக்கு மனம் இளகிச் சாப்பிட்டுவிட, ஒரு மணி நேரத்துக்குள் வேதனை கடுமையாயிற்று. அன்று மாலையே நடியாதுக்கு ரயில் ஏறவேண்டியிருந்தது. ஏறினார், இறங்கினார், அரை மைல் தொலைவிலிருந்த விடுதியை எப்படியோ நடந்து அடைந்தார். அங்கே கழிவறை வெகுதூரத்தில் இருந்தமையால், அடுத்த அறையில் மலச்சட்டி ஒன்று வைக்கச் சொல்லவேண்டியதாயிற்று. அதைக் கேட்பதற்கு வெட்கமாயிருந்ததென்று, பிற்காலத்தில் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஆசிரமத்தில் கழிவறை சுத்தம் செய்வதையே ஒரு தர்மமாக நடத்தியவர், தமக்கென்று கேட்கும்போது கூசினார் என்றால், பெருமாநல்லூரிலிருந்து மதுரைக்குப் போகும் செக்கிங் வேலைப் பெண் நடத்துநரிடம் கேட்கக் கூசுவதில் வியப்பென்ன?

ஆயினும் கேட்கத்தான் வேண்டும். அதுவும் வயிறு பிசையத் தொடங்கிய பின்னர் அன்று, பேருந்தில் ஏறும்போதே கேட்டுவைக்கவேண்டும். “அண்ணா, எனக்கு வயிறு சரியில்லீங்க. நடுவுல சொன்னா கொஞ்சம் நிறுத்திக் குடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டால், “சரிங்க அம்மணி, முன்னாடி சீட்டுல உக்காருங்க” என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கிறது. சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அதற்குச் சரீர சாஸ்திரத்திலும் ஆதாரமுண்டு. மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புகளின் வழியாக இடையறாத போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால், அச்சம் மிகுந்தால் பெருங்குடலின் அசைவும் மிகுகிறது. பரீட்சைக்குப் போகும் பிள்ளை வாசலிலிருந்து திரும்பக் கொல்லைக்கு ஓடுவதன் காரணம் அதுதான்.

அச்சத்துக்குப் பலர் கையாளும் பரிகாரம் பட்டினி. காலையிலிருந்து ஒன்றும் உண்ணாமலும், தண்ணீர்கூடக் குடிக்காமலும் பேருந்தில் ஏறிவிட்டால் ஆபத்தில்லை என்று எண்ணுகிறார்கள். பெண்களிடம் இவ்வழக்கம் மிக அதிகம். இதைவிடத் தவறான உபாயம் வேறில்லை. வெறும் வயிற்றில் அமிலம் புண்ணை எரிக்கிறது. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகுகிறது, சிறுநீர்த் தாரையில் கிருமி சேர்கிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும் பசி தாளாமல் ஒரேயடியாக உண்பதால், அடக்கிவைத்த அவதியெல்லாம் உறவினர் வீட்டில் வெளிப்படுகிறது. இரைப்பையில் ஆகாரம் விழுந்ததும் பெருங்குடல் தன்னைக் காலி செய்துகொள்ள அசையத் தொடங்குவது இயற்கை. இவ்வியல்பு காலை வேளையில் அதிகமாகவும், சூடான காப்பி குடித்தால் இன்னும் விரைவாகவும் தோன்றுகிறது. இதை அறிந்தவர் பட்டினியை நாடாமல் நேரத்தை நாடுவார். ஆறு மணிப் பேருந்துக்கு ஐந்தரைக்கு எழுந்து ஓடுவதை விட்டு, நான்கு மணிக்கே எழுந்து, இரண்டு இட்டிலியும் வெந்நீரும் உட்கொண்டு, வயிறு தன் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ள அவகாசம் தந்து, பிறகு புறப்படுவார். தூக்கம் போகிறதே என்பார்க்கு, எட்டு மணிப் பேருந்து இருக்கவே இருக்கிறது.

வழிக்குரிய ஆகாரத்தில் நம் முன்னோர் நம்மைவிட விவேகிகள். வாழையிலையில் கட்டிய இட்டிலி, புளித்த மாவு வெந்து ஆனதாகையால் எளிதில் ஜீரணமாகிறது. தேங்காய்ச் சட்டினியைப் போல இரண்டு மணி நேரத்தில் ஊசிப்போகும் துணை அதற்குத் தேவையில்லை, நல்லெண்ணெய் தடவினாலே போதும். புண் உள்ளவர்கள் மிளகாய்ப் பொடியைச் சற்று மறந்தால் நலம். கொங்கு நாட்டில் வீடுதோறும் செய்யும் சந்தகையும், காரம் குறைத்த அரிசி பருப்புச் சாதமும் ஏற்றவையே. குடல் எரிச்சல் உள்ளவர்கள் பின்னதில் வெங்காயத்தையும் பூண்டையும் தவிர்க்கவேண்டும். இவ்விரண்டிலும், கோதுமையிலும், பயறுகள் பலவற்றிலும் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு விருந்தாகி, வாயுவாக மாறுகின்றன என்பதை மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார் விரிவாக ஆராய்ந்து, இன்ன உணவில் இவை எவ்வளவு என்று அட்டவணையே வகுத்திருக்கிறார்கள். கொள்ளுப் பருப்புக்கு உயிரையும் தரும் எம் கொங்கு நண்பர்கள் மன்னிக்கவேண்டும்: பிரயாணத்துக்கு முந்திய நாள் கொள்ளுக்கு விடுமுறை தரத்தான் வேண்டும். பால் ஒவ்வாதவர்களுக்குத் தேநீர்க்கடைகளில் கடுங்காப்பியும் பால் கலவாத தேநீரும் கேட்டால் கிடைக்கும். இரவுப் பேருந்துகள் நிறுத்தப்படும் நெடுஞ்சாலை ஓட்டல்களின் குருமாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, உண்டவர்களே அறிவார்கள்.

பேருந்தா, ரயிலா என்று தேர்ந்துகொள்ளும் வசதி இருந்தால், குடல் நோயாளி யோசிக்கவேண்டியதில்லை. பெருமாநல்லூரிலிருந்து திருப்பூர் ரயில் நிலையம் போய்ச் சேரச் சற்றுச் சிரமப்பட்டாலும், சென்னைக்குப் போகும் கோவை எக்ஸ்பிரஸிலோ, 2023இல் வந்த வந்தே பாரத்திலோ, இரவில் சேரனிலோ நீலகிரியிலோ ஏறிவிட்டால், ஒவ்வொரு பெட்டியின் இரு கோடியிலும் கழிவறை உண்டு. இந்த வசதி தானாக வந்துவிடவில்லை. வங்காளத்தில் ஒகில் சந்திர சேன் என்பவர், 1909ஆம் ஆண்டில், பலாப்பழம் நிறைய உண்டு வயிறு உப்பிய நிலையில் ரயிலில் சென்றபோது, அகமதுபூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கியிருக்கையில் கார்டு சீட்டி ஊதி வண்டியை விட்டுவிட, ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிவந்து, நடைமேடையில் ஆண் பெண் அனைவர் முன்னும் விழுந்து மானமிழந்தார். அவர் சாஹிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு ஓட்டை ஆங்கிலத்தில் எழுதிய முறையீடு, டில்லி ரயில்வே அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. அந்த கார்டுக்குப் பெரிய அபராதம் விதிக்கவேண்டும், இல்லையேல் பத்திரிகைகளுக்கு எழுதிவிடுவேன் என்று அதில் அவர் மிரட்டவும் செய்தார். கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிவறை வைக்க அக்கடிதமே தூண்டுகோலாயிற்று என்று சொல்லப்பட்டுவருகிறது. அதைப் படிப்போரெல்லாம் சிரிக்கிறார்கள். லஜ்ஜையை விட்டு எழுதிய அவருக்கு நாம் நன்றியல்லவா செலுத்தவேண்டும்?

மருந்து விஷயத்தில் ஒரே விதி: கைப்பையில் இருக்கவேண்டும், பேருந்தின் அடியிலுள்ள சாமான் அறையில் அன்று, வைத்தியரின் சீட்டும் கூடவே இருக்கவேண்டும். பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை ஆகாரத்துக்கு அரைமணி முன்பு உட்கொண்டால்தான் முழுப்பயன். பேருந்தில் புளித்த ஏப்பம் வந்த பின்பு விழுங்குவது தாமதமே. பேதியை நிறுத்தும் லோபரமைடு, குடல் எரிச்சல் நோயாளிக்கு நீண்ட பேருந்துப் பிரயாணத்தில் நல்ல துணையாகலாம். ஆனால் காய்ச்சல் அடிக்கும்போதும், மலத்தில் இரத்தம் காணும்போதும், அழற்சி நோய் முற்றியிருக்கும்போதும் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்கள், ஊருக்குப் போகிற நாலு நாள் தானே என்று திடீரென நிறுத்துவது பேராபத்து. அடலிமுமாப் போன்ற ஊசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிர்ச்சியில் காக்கவேண்டுமாதலால், குளிர்காப்புப் பையில், பனிக்கட்டி நேராகப் படாமல் துணி சுற்றி வைத்துக் கொண்டுபோகவேண்டும். உறைந்துபோன மருந்து பிறகு உருகினாலும் உதவாது.

பேதி கண்டுவிட்டால் முதற்கவலை மாத்திரையன்று, நீரும் உப்புமே. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த உப்புச் சர்க்கரைப் பொடியில், ஒரு லிட்டர் நீருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராமும், குளுக்கோஸ் 13.5 கிராமும், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராமும், சிட்ரேட் 2.9 கிராமும் அடங்கியிருக்கின்றன. 1971இல் வங்காள தேச அகதிகளிடையே காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலநாபிஸ் இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பலரைப் பிழைக்கவைத்த வரலாறு உலகறிந்தது. பொட்டலத்தை ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். அதுவும் அகப்படாவிடில், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். அழகிய அட்டைப் பெட்டிகளில் இனிக்க இனிக்க விற்கும் பானங்கள் இதற்கு ஈடாகா. மிகுந்த சர்க்கரை பேதியை வளர்க்கும். இளநீர் நல்லதே, எனினும் அதில் உப்புச் சத்து சொற்பம்.

ஏற்றுமதி நிறுவனங்களின் முதலாளிகளும் மேலாளர்களும் கோவையிலிருந்து விமானம் ஏறி ஐரோப்பியச் சந்தைகளுக்குப் போகிறவர்கள். அவர்களிலும் வயிற்று உபாதைக்காரர்கள் உண்டு. விமானத்தில் ஏறியதும் வயிறு ஊதிக்கொள்வது ஏனென்று அவர்கள் திகைப்பதுண்டு. பறக்கும் விமானத்தினுள் காற்றின் அழுத்தம், ஏறத்தாழ ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் உள்ள அளவுக்கே வைக்கப்படுகிறது; அதாவது, குன்னூரிலோ உதகையிலோ உள்ள காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டு லண்டன் போகிறார்கள். அழுத்தம் குறையவே, குடலிலுள்ள வாயு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விரிகிறது. மேட்டுப்பாளையத்தில் உண்ட பூரிக்கிழங்கு உதகைக்குப் போவதற்குள் வயிற்றை அடைத்துக்கொள்வதற்கும் இதுவே ஒரு காரணம். சோடா, கோலா முதலியவற்றை விலக்கி, இடுப்பு வாரைத் தளர்த்தி, ஜன்னலோர இருக்கைக்குப் பதிலாக நடைபாதைப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்வதே உத்தமம்.

உடல் திடீரென மெலிதல், மலத்தில் இரத்தம், தூக்கத்தினின்று எழுப்பும் வலி, விடாத காய்ச்சல், ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றும் மலப்போக்கு மாறுதல் ஆகியவை இருந்தால், பயண உபாயம் தேடுவதை விட்டு வைத்தியரைத் தேடவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, நோயாளி எவ்வளவு திட்டமிட்டாலும் அவர் கையில் இல்லாத ஒன்று உண்டு. அதுதான் வழியோர வசதி. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், இராமேசுவர யாத்திரிகர்களுக்காகத் தம் முன்னோர் அமைத்த சத்திரங்களைப் பற்றி விவரிக்கும்போது, அங்கே வைத்தியர்கள் இருந்ததையும், நோயுற்று வந்தவர்களுக்கு மருந்தும் அவரவர்க்குரிய பத்திய ஆகாரமும் கொடுத்து, குணமாகும்வரை அன்போடு வைத்துப் பேணியதையும் குறிப்பிடுகிறார். பத்தியச் சாப்பாடு வேண்டும் என்று ஒரு வழிப்போக்கன் உரிமையோடு கேட்கக்கூடிய இடம் அந்நாளில் நம் நாட்டில் இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், வேலை நேரம் முழுவதும் தொழிலாளர் எப்போது வேண்டுமானாலும் அணுகக்கூடிய கழிவறை ஆலையில் இருக்கவேண்டும் என்று விதித்தது. ஆலைக்குள்ளே இவ்வளவு உரிமையுள்ள அதே தொழிலாளி, வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டால் கழிவறைக்குச் சாலையோரப் பேக்கரிக்காரரின் முகக்குறிப்பை நம்பி நிற்கவேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், குரோன் நோயுள்ள பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஒரு கடையில் கழிவறை மறுக்கப்பட்டதன் விளைவாக, 2005இல், அத்தகைய நோயாளிகளுக்குக் கடைகள் தம் ஊழியர் கழிவறையைத் திறந்துவிடவேண்டும் என்று சட்டமே இயற்றினார்கள். பின்பு வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் வந்தால் நல்லது.

அதுவரையில், நெடுஞ்சாலையில் காரிலோ வாடகை வண்டியிலோ செல்பவர்கள் நினைவில் வைக்கவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, விஜயமங்கலத்தில் உள்ளது போன்ற சுங்கச்சாவடி; அங்கே கழிவறை இருக்கவேண்டும், இல்லையேல் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மற்றொன்று பெட்ரோல் பங்கு. பெட்ரோல் போட்டாலும் போடாவிட்டாலும் வழிப்போக்கருக்குக் குடிநீரும் கழிவறையும் இலவசமாகத் தரவேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் தம் பங்குகளுக்கு வகுத்துள்ள ஒழுங்கு. பெரும்பாலும் கதவு பூட்டியிருக்கும். பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். சாவி உள்ளே மேலாளரின் மேசையில் இருக்கும். கேட்டால் கொடுப்பார், கேட்கும்போது நோயின் பெயரையோ அதன் விவரத்தையோ சொல்லவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.